சோதனைக்கூட ஊழியர்க்கு உரிமம்: அமெரிக்க மாநிலங்களின் அனுபவம்

நோயுற்று மருத்துவமனைக்குச் செல்பவர் மருத்துவரைக் காண்கிறார். ஊசி போடும் செவிலியரைக் காண்கிறார். மருந்து கட்டிக் கொடுப்பவரையும் காண்கிறார். அவருடைய இரத்தத்தையும் சிறுநீரையும் சளியையும் சோதித்து முடிவு எழுதுபவரை மட்டும் அவர் பெரும்பாலும் காண்பதேயில்லை. ஓர் எண்ணோ, ‘உண்டு’ ‘இல்லை’ என்ற ஒரு சொல்லோ தாளில் வருகின்றது. அதனை நம்பி மருந்து தொடங்கப்படுகின்றது, அல்லது நிறுத்தப்படுகின்றது. மருந்து ஒத்துக்கொள்ளாவிடில் நோயாளிக்கு உடனே தெரிந்துவிடும். சோதனைக்கூடத்தில் நேர்ந்த பிழையோ நோயாளிக்கும் தெரிவதில்லை. பல சமயங்களில் மருத்துவருக்கும் தெரிவதில்லை.

ஆகவே அந்தத் தாளில் முடிவை எழுதும் தகுதி யாருக்கு உண்டு, அத்தகுதியை யார் அளந்து பார்ப்பது என்ற வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினாவுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விடை வேறுபடுகின்றது. ஐம்பது மாநிலங்களுள் ஏறத்தாழப் பத்து மாநிலங்களே சோதனைக்கூட ஊழியர் ஒவ்வொருவரும் மாநில அரசாங்கத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்துள்ளன. கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா, லூயிசியானா, நெவாடா, வடக்கு டகோட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகியவை அவற்றுட் சில. டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலத்தில் அத்தகைய உரிமம் கிடையாது. முடி திருத்துவோர் உரிமம் பெற்றே தீரவேண்டும் என்பது அதே டெக்சாஸின் சட்டம் என்பதை நினைத்தால் இந்நிலை சற்று வியப்பாகவே இருக்கும்.

பதிவு வேறு, உரிமம் வேறு

இப்பொருளைப் பேசுகையில் மூன்று சொற்கள் ஒன்றோடொன்று குழம்புவதுண்டு. அவற்றைப் பிரித்தறிந்துகொண்டால் மற்றவை தெளிவாகும்.

முதலாவது, தொழிற்சங்கம் அல்லது அறிஞர் கழகம் தேர்வு நடத்தி அளிக்கும் சான்று. அமெரிக்க மருத்துவச் சோதனை நோய்க்கூற்றியலார் சங்கம் 1922இல் தோன்றிற்று; 1928இல் அது டெக்னீஷியன்களுக்கென ஒரு பதிவுக் குழுவை நிறுவித் தேர்ந்தோர் பெயரைப் பட்டியலில் சேர்த்துவந்தது. இச்சான்றைப் பெறுவது அவரவர் விருப்பம். நல்ல மருத்துவமனைகள் இதனை விரும்பிக் கேட்டன. கேளாத சோதனைக்கூடங்கள் சான்றில்லாதவரையும் அமர்த்திக்கொண்டன. அதைத் தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை.

இரண்டாவது, மாநில அரசாங்கம் அளிக்கும் உரிமம். இது விருப்பத்தைப் பொறுத்ததன்று. உரிமம் இல்லாதவர் அவ்வேலையைச் செய்வது குற்றம். உரிமம் பெற்றவர் பெருந்தவறு செய்தால் அதனைப் பறிக்கவும் முடியும். ஒரு தொழிலுக்கு இத்தகைய உரிமம் விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889ஆம் ஆண்டிலேயே தீர்த்துவிட்டது. மருத்துவர்க்கு உரிமம் விதித்த மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சட்டம் செல்லும் என்பதே அத்தீர்ப்பு. பிற்காலத்தில் சோதனைக்கூட ஊழியர்க்கும் உரிமம் விதித்த மாநிலங்களுள் மேற்கு வர்ஜீனியாவும் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது, சோதனைக்கூடத்துக்கு அளிக்கப்படும் சான்று. இது கட்டடத்தையும் கருவியையும் நடைமுறையையும் பற்றியது. அங்கே அமர்ந்து வேலை செய்யும் தனிமனிதர் ஒவ்வொருவரையும் இது நேரடியாகத் தொடுவதில்லை. அமெரிக்காவில் இது வாஷிங்டனிலுள்ள மத்திய அரசாங்கத்தின் பொறுப்பாக வளர்ந்தது. ஊழியரின் உரிமமோ மாநிலங்களிடம் தங்கிவிட்டது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்போர்க்கு 1947ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு விடை கூறும். பெல்க், சண்டர்மன் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் ஒரே வகை மாதிரித் திரவங்களைப் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளின் சோதனைக்கூடங்கள் பலவற்றுக்கு அனுப்பினர். சர்க்கரை, யூரியா, கால்சியம் முதலியவற்றின் அளவைக் கண்டெழுதுமாறு கேட்டனர். மாதிரிகளில் எப்பொருள் எவ்வளவு இருந்தது என்பது அவர்களுக்கு முன்னரே தெரியும். திரும்பி வந்த விடைகளில் ஏற்கத்தக்கவற்றைக் காட்டிலும் ஏற்கத்தகாதனவே மிகுதியாக இருந்தன. அனுப்பப்பட்டதோ மாதிரித் திரவம்; அதனால் எவருக்கும் தீங்கு விளையவில்லை. அதே கைகள் அதே வாரத்தில் சோதித்த நோயாளிகளின் இரத்தத்துக்கும் இது பொருந்தும் அல்லவா? தெரிந்த மாதிரியை அனுப்பிச் சோதனைக்கூடத்தையே சோதிக்கும் முறை இன்று உலகெங்கும் வழக்கமாகியுள்ளது.

நான்கு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி

எனினும் நாட்டை உலுக்கியது இரசாயனச் சோதனையன்று. மைக்ராஸ்கோப்பின் கீழ் வைக்கப்படும் ஒரு கண்ணாடி ஸ்லைடு.

கருப்பை வாயிலிருந்து உயிரணுக்களை வழித்தெடுத்து, ஸ்லைடில் பூசி, சாயமேற்றிப் பார்க்கும் சோதனையை வளர்த்தவர் ஜார்ஜ் பாப்பனிக்கொலா. அவர் பெயரைச் சுருக்கி இதனைப் ‘பாப் சோதனை’ என்பர். புற்றுநோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே உயிரணுக்களில் மாறுதல் தோன்றும். அந்நிலையிலேயே கண்டுபிடித்தால் சிறு சிகிச்சையால் நோயைத் தடுத்துவிடலாம். ஆனால் அம்மாறுதலைக் கண்டுபிடிப்பது ஒரு மனிதரின் கண்ணைப் பொறுத்தது. ஒரு ஸ்லைடில் 50,000 முதல் 3,00,000 வரை உயிரணுக்கள் இருக்கும். அவற்றுள் மாறுபட்டவை ஒரு சிலவாகவும் இருக்கலாம். ஸ்லைடை மேலும் கீழுமாக வரிசை வரிசையாக நகர்த்தி முழுவதையும் பார்த்தாக வேண்டும். மலேரியா ஸ்லைடு பார்த்துப் பழகிய களப்பணியாளருக்கு இதன் அயர்ச்சியை விளக்கத் தேவையில்லை.

1987இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் வால்ட் பாக்டனிச் என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரைகள் இவ்வேலை நடைபெறும் விதத்தை வெளிக்கொணர்ந்தன. சில சோதனைக்கூடங்கள் ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தன. ஸ்லைடு பார்ப்பவர் எவ்வளவு வேகமாகப் பார்க்கிறாரோ அவ்வளவுக்கு அவருக்கு வருவாய், சோதனைக்கூடத்துக்கும் இலாபம். கண் களைத்தபோது நிறுத்தும்படி சொல்ல எவரும் இல்லை. அக்கட்டுரைகளுக்கு 1988இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் மருத்துவச் சோதனைக்கூடச் சீர்திருத்தச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1967இல் இயற்றப்பட்ட முந்தைய சட்டம் மாநில எல்லை கடந்து மாதிரிகளைப் பெறும் சோதனைக்கூடங்களையே கட்டுப்படுத்தியது. புதிய சட்டமோ மனித உடலிலிருந்து எடுக்கப்படும் மாதிரியை நோயறியும் பொருட்டுச் சோதிக்கும் இடங்கள் அனைத்தையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இதன் விதிகள் 1992 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன.

அவ்விதிகளுள் ஒன்று ஆசிரியர்கள் வகுப்பில் கணக்காகவே கொடுக்கத்தக்கது. ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுகளுக்கு மேல் பார்த்தலாகாது. அந்த நூறையும் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்தல் வேண்டும். 480 நிமிடத்தை நூறால் வகுத்தால் ஒரு ஸ்லைடுக்கு 4 நிமிடம் 48 வினாடி கிடைக்கின்றது. இது மேல்வரம்பேயன்றி அன்றாட இலக்கு அன்று என்பதையும் விதி வற்புறுத்துகின்றது. அத்துடன், குறையில்லை என ஒருவர் ஒதுக்கியவற்றுள் பத்தில் ஒரு பங்கையேனும் தகுதி மிக்க மற்றொருவர் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

இந்த விதிகள் வருவதற்கு முன் நேர்ந்த பிழைகளின் விளைவு பின்னரும் தொடர்ந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரையடுத்த ஒரு சோதனைக்கூடம், இரண்டு பெண்களின் ஸ்லைடுகளில் தெளிவாகத் தென்பட்ட மாறுதலைக் கவனியாமல் குறையில்லை என எழுதியனுப்பியிருந்தது. இருவரும் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தனர். 1995இல் அச்சோதனைக்கூட நிறுவனத்தின் மீது மரணம் விளைவித்த குற்றம் சாட்டப்பட்டது. நிறுவனம் வழக்காடவில்லை; அபராதம் விதிக்கப்பட்டது. ஸ்லைடைப் பிழையாகப் பார்த்தமைக்காக ஒரு நிறுவனம் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது அமெரிக்கரைத் திடுக்கிடச் செய்தது. விஸ்கான்சின் சோதனைக்கூட ஊழியர்க்கு உரிமம் விதிக்காத மாநிலம். உரிமம் இருந்திருப்பின் அவ்விரு பெண்களும் பிழைத்திருப்பர் என்று அதனால் முடிவுகட்டிவிட இயலாது. கூலி முறையும் வேகமும் மாறாதவரை உரிமம் பெற்றவரின் கண்ணும் களைக்கவே செய்யும்.

மத்தியச் சட்டத்தின் அடித்தளம்

1988ஆம் ஆண்டுச் சட்டம் சோதனைகளை அவற்றின் கடினத்தைக் கொண்டு தரம் பிரிக்கின்றது. வேண்டிய அறிவு, பயிற்சி, கரைசல்களைத் தயாரிப்பதிலுள்ள நுட்பம், முடிவைப் பொருள் கொள்வதில் வேண்டிய சிந்தனை முதலிய ஏழு கூறுகளுக்கும் தனித்தனியே 1 முதல் 3 வரை மதிப்பெண் இடப்படுகின்றது. கூட்டுத்தொகை 12க்குள் அடங்கினால் அச்சோதனை நடுத்தரச் சிக்கலுடையது. 12க்கு மேற்பட்டால் மிகுந்த சிக்கலுடையது. இவ்விரண்டிலும் சேராமல் விலக்களிக்கப்பட்ட எளிய சோதனைகளும் உண்டு. சிறுநீரில் பட்டை நனைத்து நிறம் பார்ப்பதும், சிறு கருவியில் இரத்தச் சர்க்கரை பார்ப்பதும் அத்தகையன. இவற்றைச் செய்வோர்க்குக் கல்வித் தகுதி எதுவும் விதிக்கப்படவில்லை.

நடுத்தரச் சோதனையைச் செய்ய உயர்நிலைப்பள்ளிப் படிப்பும் அச்சோதனையிற் பெற்ற பயிற்சிக்கான பதிவும் போதும். மிகுந்த சிக்கலுடைய சோதனைக்கு அறிவியலுடன் கூடிய ஈராண்டுக் கல்லூரிப் படிப்பேனும் வேண்டும். பொதுவாகக் கூறின், மத்தியச் சட்டம் இட்டது ஓர் அடித்தளமே. அதற்கு மேல் எழுப்புவது மாநிலத்தின் விருப்பம். சோதனைக்கூடம் அமைந்துள்ள மாநிலம் உரிமம் விதித்திருந்தால் ஊழியர் அவ்வுரிமத்தையும் பெற்றிருத்தல் வேண்டும் என்று மத்திய விதியே கூறுகின்றது.

மாநிலங்கள் எழுப்பிய மதில்

கலிபோர்னியாவின் மதில் மிக உயரமானது. அங்கே முழு உரிமம் பெற்ற சோதனைக்கூட அறிவியலாளர் ஆவதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். அப்பட்டத்திலும் இரசாயனம், உயிரியல், பௌதிகம் ஆகியவற்றில் குறிப்பிட்ட அளவு பாடங்களைப் பயின்றிருத்தல் வேண்டும். பட்டத்துக்குப் பின் ஓராண்டுப் பயிற்சி. அதன்பின் தேர்வு. உரிமம் ஈராண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும். அதற்குள் 24 மணி நேரத் தொடர்கல்வி முடித்திருத்தல் வேண்டும்.

நியூயார்க் இவ்வகையில் பின்தங்கியே வந்தது. அதன் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சோதனைக்கூடங்களைப் பொறுத்தவரை அம்மாநிலம் நெடுங்காலமாகவே கண்டிப்பானது. நியூயார்க் மாநிலத்தவரிடமிருந்து எடுக்கப்பட்ட மாதிரி எந்த மாநிலத்துக்கு அனுப்பிச் சோதிக்கப்பட்டாலும் அச்சோதனைக்கூடம் நியூயார்க்கின் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். இவ்வளவு கண்டிப்பான மாநிலமும் புதிய உரிமச் சட்டத்தில் பழைய ஊழியரைக் கைவிடவில்லை. புதிய கல்வித் தகுதி இல்லாவிடினும் பல்லாண்டு பணியாற்றியோர் குறித்த காலத்துக்குள் விண்ணப்பித்து உரிமம் பெறச் சிறப்பு வழி வகுக்கப்பட்டது. உரிமச் சட்டம் கொண்டுவரும் எந்த அரசாங்கமும் முதலில் எதிர்ப்படும் முட்டுக்கட்டை இதுவே. அனுபவம் மட்டுமே உடையவரை வெளியேற்றினால் சோதனைக்கூடம் வெறிச்சோடும். அனைவரையும் ஏற்றுக்கொண்டால் சட்டம் வெறுந்தாளாகும்.

புளோரிடாவின் கதை வேறு. அம்மாநிலம் சோதனைக்கூடங்களுக்குத் தனியே வழங்கிவந்த மாநில உரிமத்தை 2018 ஜூலையில் நீக்கிவிட்டது. மத்தியச் சான்றே போதும் எனக் கருதியது. ஊழியர்க்கான உரிமத்தை மட்டும் நீக்கவில்லை. கட்டடத்தை வாஷிங்டனிடம் விட்டுவிட்டு மனிதரைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது எனலாம்.

சோதிப்பவரோடு உரிமம் நின்றுவிடவில்லை. 1999இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில், நோயாளிகளிடமிருந்து இரத்தம் எடுக்கும் ஊழியர் ஒருவர் பயன்படுத்திய ஊசிகளையே மீண்டும் பயன்படுத்தியது வெளியாயிற்று. அவரிடம் இரத்தம் கொடுத்த ஆயிரக்கணக்கானோர் மஞ்சட்காமாலைக் கிருமிக்கும் எய்ட்ஸ் கிருமிக்கும் சோதனை செய்துகொள்ளுமாறு அழைக்கப்பட்டனர். இரத்தம் எடுப்பதற்கு அதுவரை அங்கே தனிச் சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டே சட்டம் நிறைவேறியது. விதிகள் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. புதிதாக இப்பணிக்கு வருவோர் 40 மணி நேரப் பாடமும் 40 மணி நேரச் செய்முறையும் பயின்று, குறைந்தது 50 முறை நாளத்திலும் 10 முறை தோலிலும் குத்திப் பழகித் தேர்வு எழுதுதல் வேண்டும். கிராமத்தில் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்கும் ஊழியர்க்கும் இந்த எண்கள் ஓர் அளவுகோலாகும்.

மதிலுக்கு வெளியே நிற்போர்

உரிமத்தை எதிர்ப்போரின் கூற்றும் ஆராயத்தக்கதே. டெக்சாஸில் சங்கத்தின் சான்று பெற்று நன்கு பணியாற்றிவந்த ஒருவர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தால், அங்கே உரிமம் கிடைக்கும்வரை அவர் அதே வேலையைச் செய்ய முடியாது. கல்லூரியில் ஒரு பாடம் குறைந்திருந்தால் மீண்டும் கல்லூரிக்குச் செல்ல நேரலாம். கைகள் மாறவில்லை, கருவியும் மாறவில்லை. எல்லைக்கோடு ஒன்றே குறுக்கிட்டது.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று இதனை அரசாங்கமே ஒப்புக்கொள்ளும்படி செய்தது. அவ்வாண்டு மார்ச்சில் கலிபோர்னிய ஆளுநர் பிறப்பித்த ஆணை, கொரோனா மாதிரிகளைச் சோதிப்பதற்கு மட்டும் மாநில உரிம விதிகளை நிறுத்திவைத்தது. மத்தியச் சட்டத்தின் தகுதியும் உரிய பயிற்சியும் இருந்தால் போதும் என்றது. மாதிரிகள் மலைபோல் குவிந்தபோது உயர்ந்த மதிலுக்குள் போதிய ஆட்கள் இல்லை. இதிலிருந்து உரிமமே வீண் என்று கொள்வது அவசரமாகும். உரிமத்தை உயர்த்தும் அரசாங்கம் பயிற்சி இடங்களையும் உயர்த்தாவிடில் நெருக்கடியில் தன் சட்டத்தைத் தானே தளர்த்த நேரும் என்று கொள்வதே பொருத்தம்.

வேறொரு நிகழ்ச்சி மற்றொரு கோணத்தைக் காட்டுகின்றது. மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் 2002 ஜூன் முதல் 2003 ஆகஸ்டு வரை எய்ட்ஸ், கல்லீரல் அழற்சிக் கிருமிச் சோதனைகளில் நம்பத்தகாத முடிவுகள் 400க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அளிக்கப்பட்டன. கருவி பிழையாக இயங்குகிறது என்று கட்டுப்பாட்டு மாதிரிகள் காட்டியும் அதனைப் பொருட்படுத்தாமல் முடிவுகள் அனுப்பப்பட்டன. தணிக்கைக் குழுக்கள் வந்துபோயின. அவர்கள் கண்ணில் இது படவில்லை. உண்மையை வெளியே சொன்னவர் அங்கே வேலை செய்த ஓர் ஊழியரே. தன் பெயரில் உரிமம் வைத்திருப்பவர்க்கு, மேலதிகாரி அனுப்பச் சொன்னாலும் பிழையான முடிவை அனுப்ப மறுப்பதற்கு ஒரு காரணம் கூடுதலாக உண்டு: உரிமம் போனால் பிழைப்புப் போகும். உரிமத்தின் பயன்களுள் அதிகம் பேசப்படாதது இதுவேயாயினும், மற்றெல்லாவற்றினும் மேலானது இதுவே எனலாம்.

இந்தியாவில்

இந்தியாவில் நெடுங்காலம் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் மருந்தாளர்க்கும் மத்தியக் குழுமங்கள் இருந்தன. சோதனைக்கூடத் தொழிலர்க்கு மட்டும் இல்லை. பட்டமும் பட்டயமும் சில மாத வகுப்பும் ஒரே பலகையின் கீழ் நின்றன. சோதனை முடிவில் யார் கையெழுத்திடுவது என்பதே வழக்காயிற்று. குஜராத்திலிருந்து எழுந்த அவ்வழக்கில், நோய்க்கூற்றியலில் முதுநிலைத் தகுதி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே கையொப்பமிடலாம் என உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியது. அத்தீர்ப்பு தாளின் அடியிலுள்ள கையெழுத்தைப் பற்றியது. மைக்ராஸ்கோப்பின் முன் அமர்பவரின் தகுதியை அது வரையறுக்கவில்லை.

அவ்விடைவெளியை நிரப்ப வந்தது இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்க்கான தேசிய ஆணையச் சட்டம், 2021. இது 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இதன் அட்டவணையிலுள்ள பத்துத் தொகுதிகளுள் முதலாவதாக நிற்பது மருத்துவச் சோதனைக்கூடமும் உயிரறிவியலும் ஆகும். ஈராண்டு முதல் நான்காண்டு வரையிலான பட்டயம் அல்லது பட்டப் பயிற்சி 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் அவர் இணைநிலைத் தொழிலர். மூன்று முதல் ஆறாண்டு வரையிலான பட்டப் பயிற்சி 3,600 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் அவர் சுகாதாரத் தொழிலர். மத்தியப் பதிவேடும் மாநிலப் பதிவேடுகளும் வைக்கப்படுகின்றன. மாநிலக் குழுமங்களை அமைப்பது மாநில அரசாங்கங்களின் பொறுப்பு. அமெரிக்காவில் தகுதியை வரையறுக்கும் அதிகாரம் மாநிலந்தோறும் சிதறிக்கிடக்கின்றது; இந்தியச் சட்டம் அளவுகோலை நாடு முழுமைக்கும் ஒன்றாக்கி, பதிவை மாநிலத்திடம் ஒப்படைத்துள்ளது.

பதிவேடு ஒன்றே ஸ்லைடைப் பார்த்துவிடாது. காசநோய்த் திட்டத்தில் சளி ஸ்லைடுகளுள் ஒரு பகுதியை, முதலில் எழுதப்பட்ட முடிவு இன்னதென்று அறியாத மற்றொருவர் மீண்டும் பார்க்கும் மறுபார்வை முறை இருந்துவருகின்றது. மலேரியா ஸ்லைடுகளும் இவ்வாறே மறுபார்வைக்கு அனுப்பப்படுகின்றன. இதனைத் தம்மீது ஐயம் கொண்டு செய்யும் ஒற்று வேலையாகச் சில ஊழியர்கள் கருதுவதுண்டு. அமெரிக்கச் சட்டம் உரிமம் பெற்ற, பட்டம் பெற்ற, பல்லாண்டு அனுபவமுடையவரின் ஸ்லைடுகளிலும் பத்தில் ஒரு பங்கை மறுபார்வைக்கு எடுக்கின்றது என்பதை அவர்களுக்குக் கூறலாம்.

பள்ளியிறுதி வகுப்பு முடித்துச் சோதனைக்கூடப் படிப்பை நாடும் மாணாக்கர் ஆசிரியரிடம் ஆலோசனை கேட்பது இயல்பு. அத்தகையோர் பணம் கட்டுமுன், அப்படிப்பு எந்தப் பல்கலைக்கழகம் அல்லது குழுமத்தின் ஏற்புப் பெற்றது, எத்தனை மணி நேரம் கொண்டது, அதில் மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் பயிலும் நேரம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டறியுமாறு சொல்லுதல் வேண்டும். மணி நேரக் கணக்கு 2,000க்குக் குறைந்தால் அப்படிப்பைக் கொண்டு இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற இயலாது.